நூலும் உரிமையும்

ஒருவன் உழுது பயிரிட்ட நிலத்தின் விளைவைப் பிறனொருவன் இரவில் அறுத்துச் சென்றால், ஊரார் அதனைக் களவு என்பர். அதனை விளங்கிக்கொள்ள நூலறிவு வேண்டுவதில்லை. வயலில் விளைவு குறைந்திருப்பதைக் கண்ணாலே காணலாம். ஆனால், ஒரு புலவர் இயற்றிய பாடலை மற்றொருவர் படியெடுத்துச் சென்றால், புலவரிடத்தில் எதுவும் குறைவதில்லை. பாடல் அவரிடத்தும் இருக்கின்றது, எடுத்தவரிடத்தும் இருக்கின்றது. அங்ஙனமாயின் புலவர் இழந்தது யாது? இவ்வினாவுக்கு விடை காண உலகம் நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. அவ்விடையே இன்று பதிப்புரிமை என்னும் பெயரால் சட்டமாக வழங்குகின்றது.

ஓலைச்சுவடிகள் வழங்கிய காலத்தில் இவ்வினா எழவில்லை. அந்நாளில் ஒரு நூலைப் படியெடுப்பது எளிய செயலன்று. பனையோலையைப் பதப்படுத்தி, எழுத்தாணி பிடித்து, ஒவ்வோர் எழுத்தாகக் கீறிச் செல்லுதல் வேண்டும். பெருநூலாயின் திங்கள் பல கழியும். ஓலையோ செல்லுக்கும் ஈரத்துக்கும் இரையாவது. ஆதலின், படியெடுத்தவரை நம் முன்னோர் கள்வர் என்று கருதவில்லை. நூலைக் காத்தவர் என்று போற்றினர். அவர்கள் படியெடுத்திராவிடின், இன்று நாம் கற்கும் சங்க நூல்களும் காப்பியங்களும் நமக்குக் கிடைத்திரா. புலவர்க்கு வேண்டிய பொருளும் நூல் விற்பனையால் வந்ததன்று. புரவலர் அளித்த பரிசிலாய் வந்தது.

பொருளைப் பற்றிய கவலை இல்லையாயினும், பெயரைப் பற்றிய கவலை அக்காலத்தவர்க்கு மிகுதியாக இருந்தது. சிறப்புப் பாயிரம் செய்வோர் கூறவேண்டியவற்றைத் தொகுத்துரைக்கும் நன்னூல், ஆக்கியோன் பெயரை முதற்கண் வைக்கின்றது. நூலின் பெயர்கூட அதற்குப் பின்னரே வருகின்றது. முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்னும் பகுப்பிலும் இக்கவலை புலப்படும். முன்னோர் சொல்லைப் போற்றி எடுத்தாளுதலை இலக்கணம் தடுக்கவில்லை. அதனை மறைத்துத் தன் சொல்லாகக் காட்டுதலைத்தான் சான்றோர் இகழ்ந்தனர்.

அச்சுப்பொறி வந்தபின் நிலைமை மாறியது. ஒரு நாளிலே நூற்றுக்கணக்கான படிகள் எடுக்க முடிந்தமையால், படி ஒரு விலைப்பொருளாயிற்று. ஒரு பதிப்பாளர் நூலாசிரியர்க்குப் பொருள் தந்து, எழுத்துக் கோத்து, பிழை திருத்தி, தாள் வாங்கி ஒரு நூலை வெளியிடுவார். அடுத்த தெருவில் மற்றொருவர் இவற்றுள் பாதியையும் செய்யாமல், வெளிவந்த நூலைப் பார்த்தே அச்சிட்டுக் குறைந்த விலைக்கு விற்றுவிடுவார். முன்னவர் முதலை இழப்பார். நூலாசிரியர் தம் அடுத்த நூலுக்குப் பதிப்பாளர் கிடைக்காமல் அலைவார். முதலிற் கேட்ட வினாவுக்கு விடை ஈண்டுக் கிடைக்கின்றது. படியெடுத்ததனால் பாடல் குறையவில்லை; அடுத்த பாடலைச் செய்தற்கு வேண்டிய வாழ்வு குறைந்தது.

இங்கிலாந்தில் ஆனி அரசியார் காலத்தில் இயற்றப்பட்டு 1710-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த சட்டமே இத்துறையில் முன்னோடி. அதற்கு முன்னர் அந்நாட்டில் நூல் அச்சிடும் உரிமை இலண்டன் நூல்வணிகர் குழுவின் கையில் இருந்தது. புதிய சட்டம் நூலாசிரியரை உரிமைக்கு முதல்வராக்கியது. ஆயினும் எக்காலத்துக்குமாக அன்று. 14 ஆண்டுகளுக்கு மட்டுமே அவ்வுரிமையை அளித்தது. அக்காலம் கழிந்தபின் ஆசிரியர் உயிரோடிருந்தால் மேலும் 14 ஆண்டுகள் உண்டு. அதன்பின் நூல் யாவர்க்கும் பொதுவாகிவிடும். வணிகர்கள் இதனை எளிதில் ஒப்பவில்லை. என்றும் அழியாத உரிமை தமக்குண்டு என்று பல்லாண்டு வழக்காடினர். 1774-ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபை அவ்வாதத்தைத் தள்ளியது. அன்று அவர்கள் வென்றிருப்பார்களாயின், வணிகர் குடிவழியினரிடம் பொருள் கொடுத்தே இன்றும் பழைய ஆங்கிலக் காப்பியங்களை அச்சிட வேண்டியிருக்கும்.

நம் நாட்டில் இன்று வழங்குவது 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். அது 1958 சனவரி 21-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. பின்னர்ப் பன்முறை திருத்தப்பெற்றது. 2012-ஆம் ஆண்டின் திருத்தம் அவற்றுள் பெரியது. கதை, கவிதை, கட்டுரை, நாடகம், இசை, ஓவியம், சிற்பம், நிழற்படம், திரைப்படம், ஒலிப்பதிவு ஆகியவையும், கணினிக்குரிய நிரல்களும் இச்சட்டத்தின் காவலைப் பெறுகின்றன. ஒருவர் ஒன்றைத் தாமே இயற்றிய அப்பொழுதே உரிமை பிறந்துவிடுகின்றது. பதிவு செய்தல் கட்டாயமன்று. செய்தால் வழக்கு வந்துழிச் சான்றாக உதவும். பள்ளி மாணவர் ஒருவர் தம் குறிப்பேட்டில் எழுதிய கவிதைக்கும் இவ்வுரிமை உண்டு என்பதைப் பலர் அறியார்.

இவ்வுரிமை எதன்மேல் நிற்கின்றது என்பதை நன்கு தெளிதல் வேண்டும். கருத்தின்மேல் அன்று, கருத்துக்கு ஆசிரியர் அளித்த வடிவத்தின்மேல். ஆர். ஜி. ஆனந்த் என்னும் நாடகாசிரியர் 1953-ஆம் ஆண்டில் 'ஹம் ஹிந்துஸ்தானி' என்றொரு நாடகத்தை இந்தியில் எழுதினார். ஒரு மாநிலத்தார் மற்றொரு மாநிலத்தாரை வேற்றாராகக் கருதும் குறுகிய மனப்பான்மையைக் கடிவது அதன் பொருள். தென்னாட்டுக் குடும்பமொன்றும் பஞ்சாபிக் குடும்பமொன்றும் அதில் வரும். 1956-இல் 'நியூ டெல்லி' என்னும் திரைப்படம் அதே பொருளைத் தழுவி வெளிவந்தது. தம் நாடகத்தைக் கவர்ந்துகொண்டனர் என்று ஆனந்த் வழக்குத் தொடுத்தார். வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 1978-ஆம் ஆண்டில் அம்மன்றம், பொருள் ஒன்றாயினும் அதனை விரித்துச் சென்ற முறையும் நிகழ்ச்சிகளும் வேறு என்று கூறி வழக்கைத் தள்ளியது. இரண்டையும் கண்ட ஒருவருக்கு, 'இஃது அதன் படியே' என்னும் எண்ணம் ஐயமின்றித் தோன்றுகின்றதா என்று பார்க்கவேண்டும் என அத்தீர்ப்பு ஓர் அளவுகோலையும் வகுத்தது. ஆனந்த் அவர்கட்கு அது மனநிறைவு தந்திராது. எனினும், கருத்துக்கே ஒருவர் வேலியிட்டுக்கொள்ளலாம் என்றிருந்தால், தாய்ப்பாசத்தைப் பற்றி முதலில் எழுதியவரைத் தவிர வேறெவரும் அதனைப் பாடுதல் இயலாது.

நூலாசிரியர் தம் உரிமையைப் பிறர்க்கு விற்கலாம். விற்பது எழுத்து வடிவில் கையொப்பத்தோடு இருத்தல் வேண்டும். ஆயின் விற்றபின்னும் அவரை விட்டு நீங்காத ஓர் உரிமையைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு காக்கின்றது. நூல் தம்முடையது என்று சொல்லிக்கொள்வதும், தம் பெயர்க்கு இழுக்கு நேருமாறு அதனைச் சிதைத்தலைத் தடுப்பதும் ஆகிய உரிமை அது. சிற்பி அமர்நாத் சேகல், தில்லி விஞ்ஞான் பவன் சுவருக்கென வெண்கலத்தாலான பெருஞ்சிற்பம் ஒன்றைச் செய்தளித்திருந்தார். 1979-இல் அதனை அலுவலர்கள் பெயர்த்தெடுத்துக் கிடங்கிற் போட்டனர், அது சிதைவுற்றது. அரசாங்கம் விலை கொடுத்துப் பெற்ற பொருளேயாயினும், சிற்பியின் உரிமை அழியவில்லை என்று தில்லி உயர்நீதிமன்றம் 2005-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்து, சிற்பத்தை அவரிடம் திருப்பித் தரவும், 5 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டது. ஆக்கியோன் பெயரை முதலில் வைத்த நன்னூலாசிரியர் இத்தீர்ப்பைக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். இக்காலத்தில் கைப்பேசி வழியே நாள்தோறும் கவிதைகள் உலவுகின்றன; அவற்றுட் பலவற்றின் அடியில் இருந்த பெயர் வழியிலேயே உதிர்ந்துவிடுகின்றது; சிலவற்றின் அடியில் வேறொருவர் பெயர் முளைத்துவிடுகின்றது. அனுப்புவோர் அதனை விளையாட்டாக எண்ணுகின்றனர்.

உரிமைக்குரிய காலம் இந்நாளில் ஆசிரியரின் வாழ்நாளும், அவர் மறைந்த ஆண்டு முடிந்தபின் 60 ஆண்டுகளுமாகும். முன்னர் இஃது 50 ஆண்டுகளாக இருந்தது. கவியரசர் தாகூர் 1941-இல் மறைந்தார். அவர் நூல்களின் உரிமை விசுவபாரதியிடம் இருந்தது. 1991-ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வுரிமை முடிவுறவிருந்தபோது, அதனை நீட்டிக்கவேண்டும் என்று பலர் வேண்டினர். அதன் பயனாக நாடு முழுமைக்கும் எல்லா ஆசிரியர்க்கும் 10 ஆண்டுகள் கூடின. ஒரு கவிஞரை முன்னிட்டு வந்த நன்மை, பெயரறியா எழுத்தாளர் குடும்பங்களுக்கும் கிடைத்தது. ஆயின் அத்துணையாண்டுக் காலம் அந்நூல்கள் பொதுமக்கள் கைக்கு வருதல் தாழ்ந்தது என்பதும் உண்மை.

தமிழ்நாட்டிலோ இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சி அதற்கு முன்னரே நடந்தது. பாரதியார் 1921-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற செல்வம் அவருடைய பாடல்களே. மனைவியார் செல்லம்மாள் அவற்றைப் பதிப்பிக்க முயன்றார். பின்னர் நூல்களை வெளியிடும் உரிமை கவிஞரின் தம்பியார் விசுவநாதன் முதலியோர் நடத்திய பாரதி பிரசுராலயத்துக்குச் சென்றது. பாடல்களை இசைத்தட்டிற் பதிவு செய்யும் உரிமையோ தனியே விற்கப்பட்டுக் கைமாறி, இறுதியில் திரைப்பட முதலாளி ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. 1947-இல் வெளிவந்த அவருடைய 'நாம் இருவர்' என்னும் படத்தில் பாரதியார் பாடல்கள் ஒலித்து நாடெங்கும் பரவின. ஒருவர் முறைப்படி விலைகொடுத்து வாங்கியதனைப் பயன்படுத்தினார். சட்டப்படி அதிற் குற்றமில்லை.

ஆனால், டி. கே. எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' என்னும் படத்தில் பாரதியார் பாடல் இடம்பெற்றபோது, உரிமையாளர் பக்கமிருந்து எதிர்ப்பு எழுந்தது. நாட்டு விடுதலைக்காகப் பாடியவர் பாட்டைப் பாடுதற்கு நாட்டார் ஒருவரிடம் இசைவு பெற வேண்டுமா என்னும் கேள்வி தமிழ்நாடெங்கும் எழுந்தது. எழுத்தாளர்களும் நாடகக் கலைஞர்களும் ஒன்றுகூடி, பாரதியார் நூல்களைப் பொதுவுடைமையாக்க வேண்டும் என்று இயக்கம் நடத்தினர். ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்த 1949-ஆம் ஆண்டில், சென்னை அரசாங்கம் அவ்வுரிமைகளைப் பெற்றுக்கொண்டது. கவிஞரின் குடும்பத்தார்க்குப் பொருள் வழங்கப்பட்டது. மெய்யப்பச் செட்டியார் தம்மிடமிருந்த உரிமையை விலை பெறாமலே அளித்தார். பின்னர் 1955-ஆம் ஆண்டில் பாரதியார் எழுத்துகள் மக்கள் அனைவர்க்கும் உரியன ஆயின. சட்டப்படி காத்திருந்தால், அக்காலத்துக் கணக்கில் 1971-ஆம் ஆண்டின் முடிவு வரை பொறுத்திருக்க வேண்டும்.

இந்நிகழ்ச்சியில் கருதத்தக்கது ஒன்றுண்டு. உரிமையாளரின் வேலியை உடைத்தெறிந்து எவரும் பாடல்களைக் கவரவில்லை; குடும்பத்துக்கு உரியதைக் கொடுத்தே பெற்றனர். அவ்வழியைப் பின்பற்றித் தமிழ்நாட்டு அரசு பிற்காலத்தில் பாரதிதாசன், கல்கி, புதுமைப்பித்தன் உள்ளிட்ட நூற்றுக்கு மேற்பட்ட எழுத்தாளர் நூல்களை, மரபுரிமையாளர்க்குப் பொருளளித்து நாட்டுடைமை ஆக்கியுள்ளது. 1998-ஆம் ஆண்டில் தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற முயற்சிகள் பழந்தமிழ் நூல்களையும் நாட்டுடைமை நூல்களையும் கணினி வழியே உலகத் தமிழர்க்கு விலையின்றி வழங்குவதற்கு இஃது உதவியாயிற்று.

உரிமைக்குட்பட்ட நூல்களையும் இசைவின்றிப் பயன்கொள்ளத்தக்க இடங்கள் உள. அவற்றைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விரித்துரைக்கின்றது. தம் சொந்தக் கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளலாம். திறனாய்வு செய்வோர் வேண்டிய அளவு மேற்கோள் காட்டலாம். ஆசிரியரும் மாணவரும் பாடம் நடத்தும்பொழுது படியெடுக்கலாம். தேர்வு வினாவில் ஒரு பகுதியை அமைக்கலாம். மாணவர்களும் ஆசிரியர்களும் பெற்றோர்களும் பள்ளியோடு தொடர்புடையவர்களும் மட்டுமே கூடியிருக்கும் அவையில், மாணவர்கள் ஒரு நாடகத்தை நடிக்கலாம். அதே நாடகத்தை நுழைவுச்சீட்டு விற்று ஊரார்க்கு நடித்துக் காட்டினால் இவ்விலக்கு உதவாது. தில்லிப் பல்கலைக்கழக மாணவர்க்கெனப் பாடப்பகுதிகளைத் தொகுத்து நகலெடுத்துத் தந்த கடையொன்றின்மேல் வெளிநாட்டுப் பதிப்பகங்கள் வழக்குத் தொடுத்தபோது, தில்லி உயர்நீதிமன்றம் 2016-ஆம் ஆண்டில் கல்விக்குரிய இவ்விலக்கின் பயனை மாணவர் பக்கமே வழங்கியது.

இனி, இணையத்தளங்களைப் பற்றிச் சிறிது கூறுவோம். அச்சுப்பொறி ஒரு நாளில் நூறு படி எடுத்தது. இணையத்தில் ஒருவர் இட்ட ஒரு படியை ஒரு நொடியிற் பல்லாயிரவர் பெறுகின்றனர். பல தளங்களில் எழுத்தையும் பாடலையும் படத்தையும் இடுபவர் தளத்தை நடத்துபவர் அல்லர். முன்பின் அறியாத பொதுமக்களே. ஊர்ச்சாவடித் திண்ணையில் யாரோ களவுப்பொருளை வைத்துச் சென்றால், சாவடியின் காவலனைக் கள்வன் எனலாமா? ஆகாது. ஆயின், 'இங்கே களவுப்பொருள் இருக்கின்றது' என்று உரியவர் வந்து காட்டியபின்னும் அவன் வாளா இருப்பானாயின், அவன்மீதும் குற்றம் சாரும். நம் சட்டம் இந்நடுநிலையையே கொண்டுள்ளது. தளத்தை நடத்துபவர் தாமே எடுத்து இட்டிருந்தால் இப்பாதுகாப்பு அவருக்கில்லை.

தம் படைப்பைப் பிறர் தளத்திற் கண்டவர், அதனை நடத்துபவர்க்கு எழுத்து வழியே முறையிட வேண்டும். 'என் பாடலைத் திருடிவிட்டீர்கள்' என்று சினந்தெழுதுவது முறையீடு ஆகாது. 2013-ஆம் ஆண்டின் பதிப்புரிமை விதிகள், அம்மடலில் இருக்கவேண்டியவற்றை வகுத்துள்ளன. படைப்பு இன்னதென்று விளங்க உரைத்தல் வேண்டும். உரிமை தமக்கு உண்டு என்பதற்குரிய விவரம் வேண்டும். 52-ஆம் பிரிவின் விலக்குகளுள் இஃது அடங்காது என்பதும் கூறப்பட வேண்டும். தளத்தில் அஃது எவ்விடத்தில் உள்ளது என்பதைக் காட்டவேண்டும். இட்டவர் யார் என்பது தெரிந்திருந்தால் அதனையும் தெரிவிக்க வேண்டும். இவற்றோடு, நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து 21 நாள்களுக்குள் ஆணை பெற்றுக் காட்டுவேன் என்னும் உறுதிமொழியும் வேண்டும். இவ்விறுதிப் பகுதியே மிகவும் இன்றியமையாதது என்பது எம் கருத்து. வீண் முறையீடு செய்ய எண்ணுபவர் இவ்வுறுதிமொழியை எழுதும்போது கை தயங்குவார்.

இடத்தைக் காட்டுதல் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு ஒரு வழக்குச் சான்றாகும். சூப்பர் காசெட்ஸ் என்னும் இசை நிறுவனம், மைஸ்பேஸ் என்னும் தளத்தின்மேல் வழக்காடியபோது, தன் படைப்புகளின் பெயர்ப்பட்டியலைக் கொடுத்திருந்தது. பட்டியல் மட்டும் போதாது; உரிமை மீறிய பொருள் தளத்தில் எவ்விடத்தில் உள்ளது என்று சுட்டினாலன்றி, தளத்தார் அதனை உண்மையில் அறிந்திருந்தனர் எனல் ஆகாது என்று தில்லி உயர்நீதிமன்றத்தின் இருவர் ஆயம் 2016-இல் தீர்ப்பளித்தது.

முறையான மடல் வந்தால் தளத்தை நடத்துபவர் யாது செய்தல் வேண்டும்? ஓர் எடுத்துக்காட்டு வாயிலாக இதனைக் காண்போம். சிற்றூர் ஆசிரியர் ஒருவர், திருக்குறள் மூலத்தையும், பரிமேலழகர் உரையையும், இக்கால அறிஞர் ஒருவரின் எளிய உரையையும் சேர்த்து ஒரு தளத்தில் இட்டுள்ளார் என்று வைத்துக்கொள்வோம். அவ்வறிஞரின் பதிப்பகத்தார், இவை யாவும் தம் வெளியீட்டிலிருந்து எடுக்கப்பட்டன. யாவற்றையும் நீக்கவேண்டும் என்று முறையிடுகின்றனர். நடத்துபவர் மடலைக் கண்ட அச்சத்தால் யாவற்றையும் அழித்துவிடுதலும் தவறு; சிற்றூர் ஆசிரியரின் நல்லெண்ணத்தைப் போற்றி ஒன்றும் செய்யாதிருத்தலும் தவறு. மூலமும் பழைய உரையும் யாவர்க்கும் பொது. ஒரு பதிப்பில் வந்தமையால் அவை அப்பதிப்பகத்தின் உடைமை ஆகா. எளிய உரையோ அவ்வறிஞரின் உழைப்பு. பதிப்பாசிரியர் தம் அறிவைச் செலுத்தி எழுதிய முன்னுரையும் அடிக்குறிப்பும் இருந்தால் அவையும் அத்தகையனவே. பொதுவான மூலத்தின்மேல் உரிமையில்லை. அதனோடு சேர்ந்த திறனும் தேர்வும் மிக்க பதிப்புழைப்பின்மேல் உரிமையுண்டு என்று, நீதிமன்றத் தீர்ப்புகளின் தொகுப்பைப் பற்றிய வழக்கொன்றில் உச்சநீதிமன்றமும் 2007-ஆம் ஆண்டில் உரைத்துள்ளது.

ஆகவே, நடத்துபவர் முறையீடு பொருந்தும் பகுதியை மட்டும், மடல் கிடைத்த 36 மணி நேரத்துக்குள் மக்கள் காணாதவாறு மூடிவைத்தல் வேண்டும். மூடியதற்குரிய காரணத்தை அவ்விடத்திலேயே தெரிவித்தலும் விதி. இட்டவர்க்கும் உடனே செய்தி சொல்லுதல் நன்று. அவர் அறிஞரிடமே இசைவு பெற்றிருக்கலாம். அம்மடலைக் காட்டினால் பூசல் அவ்வளவில் தீரும். இல்லாத உரிமையை உள்ளதாகக் கூறி அச்சுறுத்துபவர்மேல் துன்புற்றவரே வழக்குத் தொடுக்கவும், 60-ஆம் பிரிவு வழி செய்கின்றது. திருக்குறளே தம்முடையது என்று ஒருவர் மிரட்டுவாராயின், அவர் அப்பிரிவை ஒருமுறை படித்துப் பார்த்தல் நலம்.

மூடிய பகுதி, நீதிமன்ற ஆணை வரும் வரையிலோ 21 நாள்கள் கழியும் வரையிலோ மூடியே இருக்கும். அந்நாள்களுக்குள் பதிப்பகத்தார் ஆணை கொண்டுவந்தால், நடத்துபவர் அதன்படி நடப்பார். கொண்டுவரவில்லையாயின், அப்பகுதியை அவர் மீண்டும் திறந்துவைக்கலாம். அவ்விடத்திலுள்ள அதே உரையைப் பற்றி அவர்களே மறுபடியும் மடல் எழுதினால், அதற்கு விடையிறுக்கும் கடப்பாடு அவருக்கு இல்லை.